மணி பார்க்காத அடுப்பு

தீவகத்தில் வேலைக்குப் போகும் தாயின் நாளில் முதல் உரிமை படகுக்கு. பிள்ளை, புருஷன், அதிபர், கந்தோர் எல்லாம் அதற்குப் பிறகுதான். யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குத் தென்மேற்கே கிடக்கும் தீவுகளில் மண்டைதீவும் வேலணையும் பண்ணைத் தாம்போதியால் நகரத்தோடு இணைந்தவை. வேலணையிலிருந்து இன்னொரு தாம்போதி புங்குடுதீவுக்குப் போகிறது. காரைநகருக்குப் பொன்னாலைப் பக்கத்தால் வழி உண்டு. ஊர்காவற்றுறை வேலணைத் தீவின் நுனியில் இருப்பதால் அங்கே பஸ்ஸிலேயே போய் இறங்கலாம். நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு, எழுவைதீவு நான்குக்கும் கடலே வழி. புங்குடுதீவின் மேற்குக் கரையிலுள்ள குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து நயினாதீவுக்கு இருபது நிமிடம் போதும். நெடுந்தீவுக்கு நல்ல கடலில் ஒரு மணித்தியாலம். கெட்ட கடலில் எவ்வளவு என்று படகோட்டியே சொல்லமாட்டார்.

சுற்றுலா வருபவர் இந்தத் தூரத்தை ஒரு நாள் ரசித்துவிட்டுத் திரும்புகிறார். தீவகக் கல்வி வலயத்து ஆசிரியைகளுக்கு அது தவணை முழுக்க உண்டு. இலங்கை அரச பாடசாலை ஆசிரியர்களில் ஏறத்தாழ நால்வரில் மூவர் பெண்கள். தீவகப் பாடசாலைகளை நடத்துவதும் பெரும்பாலும் அவர்கள்தான். இவர்களில் கணிசமானோர் யாழ்ப்பாண நகரத்திலும் அதைச் சுற்றிய ஊர்களிலும் வீடு வைத்துக்கொண்டு தினமும் போய் வருகிறவர்கள். நகரத்திலிருந்து குறிகட்டுவானுக்குப் பஸ் மட்டும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். அதற்குப் பிறகு படகு. முதல் மணிக்கு வகுப்பில் நிற்க வேண்டுமென்றால் வீட்டில் விடியுமுன் நாலு மணிக்கு அடுப்பு மூள வேண்டும். தேங்காய் முதல் நாள் இரவே துருவிக் குளிரூட்டிக்குள் இருக்கும். வறுத்த மா போத்தலில் இருக்கும். கொதிநீர் விட்டுக் குழைத்து, சுண்டால் கொத்தி, நீத்துப்பெட்டியில் ஏற்றினால் பிட்டு. அது அவிகிற நேரத்துக்குள் சம்பலும், மத்தியானத்துக்கு ஒரு கறியும், இரண்டு சாப்பாட்டுப் பார்சலும். பிறகு மூத்தவளுக்குத் தலை இழுத்துப் பின்னி, இளையவனை எழுப்பி மாமியாரிடமோ பக்கத்து வீட்டிலோ ஒப்படைத்துவிட்டு, சேலைக்கு ஊசி குத்தியபடியே ஒழுங்கையால் நடை. ஒரே ஒரு பஸ் தவறினால் படகும் தவறும். படகு தவறினால் அன்றைக்கு அரை நாள் லீவு.

நெடுந்தீவில் வேலை கிடைத்தவர்களின் கணக்கு வேறு. அங்கே போய் வருவது கஷ்டம் என்பதால் பல உத்தியோகத்தர்கள் திங்களன்று போய் விடுதியிலோ வாடகை அறையிலோ தங்கி வெள்ளி பின்னேரம் திரும்புகிறார்கள். பிள்ளை யாழ்ப்பாணத்தில் அம்மம்மாவோடு நிற்கும். குமுதினி, வடதாரகை, நெடுந்தாரகை என்ற படகுப் பெயர்கள் அந்த வீடுகளில் வீட்டு ஆட்களின் பெயர் மாதிரிப் புழங்குகின்றன. குமுதினி என்ற பெயருக்கு இன்னொரு கனமும் உண்டு. 1985 மே 15ஆம் திகதி பெண்களும் குழந்தைகளும் உட்பட அதன் பயணிகள் பலர் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டனர். நெடுந்தீவுக் குடும்பங்களில் படகுக்குப் போன பெண் வந்து சேரும்வரை தொலைபேசியைக் கையில் வைத்திருக்கிற பழக்கம் ஒருவரும் சொல்லிக் கொடுத்து வந்ததில்லை.

ஆசிரியைகளோடு இந்தப் பட்டியல் முடிவதில்லை. பிரதேச செயலகத்து உத்தியோகத்தர், கிராம அலுவலர், தாதியர், வீடு வீடாகச் சைக்கிளில் போகும் குடும்பநல மாது, மிகச் சொற்ப சம்பளத்துக்கு முன்பள்ளி நடத்தும் பெண், வலை தைப்பவர், கருவாடு காயவைப்பவர், ஆடுமாடு வளர்ப்பவர் எல்லாரும் வேலை செய்யும் தாய்மாரே. மாதச் சம்பளம் வாங்குபவருக்கு விடுமுறை என்று ஒன்று தாளில் இருக்கிறது. மற்றவருக்குத் தாளிலும் இல்லை.

அரசு ஆவணங்களில் தீவகத்தின் பெரும்பகுதி ‘கஷ்டப் பிரதேசம்’ அல்லது ‘அதிகஷ்டப் பிரதேசம்’. புதிதாக நியமனம் பெறுகிறவர்கள் முதலில் இத்தகைய இடங்களில் சில வருடம் சேவை செய்துவிட்டுத்தான் நகரத்துக்கு இடமாற்றம் கேட்கலாம் என்பது வழக்கம். நிர்வாகத்தின் பக்கத்திலிருந்து பார்த்தால் நியாயமான ஏற்பாடு; இல்லாவிட்டால் நெடுந்தீவுப் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பிக்க ஆள் கிடைக்காது. ஆனால் பெண்ணின் வயதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பட்டப்படிப்பு முடிந்து, நியமனத்துக்குக் காத்திருந்து, கிடைக்கும்போது இருபத்தேழு, இருபத்தெட்டு. நியமனம், கலியாணம், முதல் பிள்ளை மூன்றும் நாலைந்து வருடத்துக்குள் வந்து விழுகின்றன. பிள்ளை மிகச் சின்னதாக இருக்கிற காலமும் தாய் மிகத் தூரத்தில் வேலை செய்கிற காலமும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. பிள்ளை வளர்ந்து தன்பாட்டில் பள்ளிக்கூடம் போகத் தொடங்கும்போது தாய்க்கு நகரத்துக்கு இடமாற்றம் வருகிறது.

சட்டம் ஒன்றும் கல்நெஞ்சு கொண்டதில்லை. தாபன விதிக்கோவைப்படி அரச ஊழியருக்கு 84 வேலை நாட்கள் முழுச் சம்பளத்தோடு பிரசவ விடுமுறை உண்டு. அதைத் தொடர்ந்து 84 நாட்கள் அரைச் சம்பளத்தில், இன்னும் 84 நாட்கள் சம்பளமின்றி எடுக்கலாம். கடை, காரியாலய ஊழியருக்கும் 84 நாட்கள். 2018இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு எத்தனையாவது பிள்ளை என்ற பேதம் அதில் இல்லை. அரச சேவையில் தகப்பனுக்குக் கிடைக்கும் விடுமுறை மூன்று நாள். வீட்டில் யார் பிள்ளை பார்ப்பது என்ற கேள்விக்கு அரசாங்கத்தின் விடை அந்த மூன்றிலேயே இருக்கிறது. தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் 2017இல் நாட்டின் முதலாவது நேரப் பயன்பாட்டு அளவையை நடத்தியது. சமையல், கழுவல், துடைத்தல், பிள்ளை பராமரிப்பு ஆகிய சம்பளமற்ற வேலைகளில் பெண்கள் ஆண்களைவிடப் பல மடங்கு நேரம் செலவிடுகிறார்கள் என்று அது காட்டியது. எந்தப் பெண்ணும் வியந்திருக்கமாட்டாள்.

விடுமுறை நாட்களுக்கு இலங்கையில் பஞ்சமில்லை. பாடசாலைக்கு மூன்று தவணை. வழமையாக ஏப்ரலில் புத்தாண்டையொட்டி, ஓகஸ்டில், டிசெம்பரில் விடுதலை. கொவிட் காலத்துக்குப் பிறகு தவணைகள் இடம் மாறிச் சில வருடம் சீர்ப்படாமல் கிடந்தன. இவற்றுக்கு மேல் மாதந்தோறும் போயா, தைப்பொங்கல், சிவராத்திரி, தீபாவளி, நத்தார், வெசாக், நபிகள் பிறந்தநாள் எல்லாம் சேர்த்து வருடத்தில் ஏறத்தாழ 25 பொது விடுமுறை. அரச அலுவலகத்தவருக்கு அமைய லீவும் ஓய்வு லீவும் சேர்த்து 45 நாட்கள் வேறு. தாளில் பார்த்தால் உலகத்திலேயே ஆறுதலாக வாழ்கிற சமூகங்களில் ஒன்று.

ஓய்வை அரசாங்கம் தன் விருப்பப்படி நகர்த்தியும் பார்த்திருக்கிறது. 1966இலிருந்து 1971வரை இலங்கையில் சனி ஞாயிறு வார விடுமுறையாக இருக்கவில்லை. சந்திரனின் நான்கு கட்டங்களைக் கணக்கிட்டு போயா நாளும் அதற்கு முந்திய நாளும்தான் ஓய்வு. வாரம் சிலவேளை எட்டு நாளாக நீண்டது. ஊர்காவற்றுறை, கரம்பன், நாரந்தனை, மெலிஞ்சிமுனை என்று கத்தோலிக்கர் செறிந்து வாழும் கரைகளில் ஞாயிறு பூசைக்கும் வேலைக்கும் இடையில் ஆட்கள் இழுபட்டார்கள். 1971இன் விடுமுறைச் சட்டத்தோடு ஞாயிறு திரும்பி வந்தது.

இன்னொரு சோதனை 2022இல் நடந்தது. எரிபொருளும் உணவும் தட்டுப்பட்ட யூன் மாதத்தில், அரச ஊழியர்கள் வெள்ளிக்கிழமைகளில் வீட்டில் நின்று பயிர் செய்யட்டும் என்று மூன்று மாதத்துக்கு அமைச்சரவை அனுமதி கொடுத்தது. கல்வி, சுகாதாரம் போன்ற சேவைகள் அதில் சேரவில்லை. சேர்ந்த கந்தோர்ப் பெண்களுக்கும் தீவகத்தில் அதனால் விளைந்தது ஒன்றுமில்லை. இங்கே மழை ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில்தான். யூனில் சோழகக் காற்று மண்ணை வறட்டிக்கொண்டிருக்கும், கிணறுகள் உவர்க்கும். நெடுந்தீவில் குடிதண்ணீருக்கே வரிசை. அந்தக் காலத்தில் தோட்டம் போடச் சொல்வது கொழும்பிலிருந்து மட்டுமே வரக்கூடிய யோசனை. பாடசாலைகளோ எரிபொருளின்றி அந்த மாதங்களில் விட்டுவிட்டு மூடப்பட்டன. படகுக்கு எண்ணெய் இல்லை, பஸ்ஸுக்கு எண்ணெய் இல்லை, சமைக்க எரிவாயுவும் இல்லை. தாய்மார் வீட்டில் நின்றார்கள், விறகடுப்புக்குத் திரும்பினார்கள், எரிபொருள் வரிசைக்கும் போனார்கள். வேலைக்குப் போகாத நாளும் ஓய்வு நாளும் ஒன்றில்லை என்பதை இதைவிடத் தெளிவாக எந்த ஆய்வும் காட்டியிருக்காது.

சாதாரண வருடங்களிலும் தவணை விடுதலையின் முதல் வாரம் கடன் அடைக்கும் வாரம். தவணைக்குள் முடியாமல் தள்ளிவைத்த வேலைகள் எல்லாம் வாசலில் வந்து நிற்கும். அவற்றில் தலையாயது தூள். யாழ்ப்பாணத்துக் கறித்தூளைக் கடையில் வாங்குவது இப்போது வெட்கமான காரியமில்லை. என்றாலும் வீட்டுத் தூளின் ருசிக்குப் பழகிய குடும்பம் அதை விடாது. செத்தல் மிளகாயைக் காம்பு ஆய்ந்து வெயிலில் காயவைக்க வேண்டும். மல்லி, மிளகு, நற்சீரகம், பெருஞ்சீரகம், வெந்தயம் ஒவ்வொன்றையும் தனித்தனியே வறுக்க வேண்டும். சேர்த்து வறுத்தால் வெந்தயம் கருகும், மல்லி பச்சையாகக் கிடக்கும். கறிவேப்பிலை கையில் நொறுங்குமட்டும் வறுபட வேண்டும். கடைசியில் மிளகாய். அந்த நேரம் வீட்டில் எல்லாரும் தும்மிக்கொண்டு முற்றத்துக்கு ஓடுவார்கள், அடுப்படியில் நிற்பவளைத் தவிர. உரலில் இடித்த காலம் போய் மில்லில் திரிக்கும் காலம் வந்தது பெரிய விடுதலைதான். ஆனால் மில்லில் வரிசையில் நிற்பதும் அவள்தான். தனக்கு முன் யாரோ திரித்த அரிசி மா தன் தூளில் கலந்துவிடாமல் பார்த்து நிற்க வேண்டும். மூன்று நாள் போய்விடும். அடுத்த தவணை முழுவதும் காலைக் கறி பத்து நிமிடத்தில் இறங்குவது இந்த மூன்று நாளின் பலத்தில்தான்.

பனையும் தன் பங்கைக் கேட்கும். ஆவணி, புரட்டாதியில் பழம் விழும். பழத்தைப் பிசைந்து களியைப் பாயில் பூசிக் காயவைத்தால் பனாட்டு. விதையைப் பாத்தி போட்டு மூடினால் மழைக்கு முளைத்துத் தை, மாசியில் கிழங்கு. கிழங்கைக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். ஓகஸ்ட் விடுதலையில் பாத்தி போடுகிற ஆசிரியை கிழங்கு கிண்டும்போது முதலாம் தவணைக்குள் நிற்பாள். அதனால் கிண்டுவது சனி ஞாயிற்றில். விதையை உடைத்துப் பூரானைத் தின்பதற்காகப் பிள்ளைகள் பாத்தியைச் சுற்றி நிற்பார்கள். இது கட்டாய வேலையில்லை. வெளிநாட்டுப் பணம் வரும் வீடுகள் பல இதைக் கைவிட்டுவிட்டன. ஆனாலும் ஒடியல் கூழ் இல்லாத ஒரு விடுமுறையைத் தீவக வீடு விடுமுறையாக ஏற்றுக்கொள்வதில்லை. நண்டு, இறால், மீன்தலை, பயற்றங்காய், பலாக்கொட்டை, புளி எல்லாம் போட்டு ஒரு பெரிய பானையில் காய்ச்சி, பிலாவிலையைக் கோலிக் குடிக்கிற அந்தக் கூழ் ஒரு தாய்க்கு அரை நாள் வேலை.

பண்டிகை என்றால் சொல்லவே வேண்டாம். தீபாவளிக்கு முந்திய இருபத்தொரு நாள் கேதாரகௌரி விரதம், ஐப்பசியில் கந்தசஷ்டி ஆறு நாள், கார்த்திகையில் விளக்கீடும் அதைத் தொடர்ந்து இருபத்தொரு நாள் பிள்ளையார் கதையும், மார்கழியில் திருவெம்பாவை. இவற்றில் பல டிசெம்பர் விடுதலைக்கு முன்னே அல்லது அதோடு ஒட்டி வருகின்றன. விரதம் பிடிக்கிற பெண் தான் ஒரு நேரம் சாப்பிட்டாலும் மற்றவர்களுக்கு மூன்று நேரம் சமைப்பாள். கத்தோலிக்க வீடுகளில் நத்தாருக்குப் பலகாரம்: பயற்றம் பணியாரம், சிப்பிச் சோகி, முறுக்கு, அச்சுப்பலகாரம், தொதல். தொதலைக் கிண்டக் கைகள் பல வேண்டும். சட்டிக்கு முன் ஆண்கள் வந்து அகப்பை பிடிப்பதை வருடத்தில் அந்த ஒரு நாளில் காணலாம், அது படமெடுத்து முகநூலில் போடப்படுவதும் உண்டு. ஆடிப்பிறப்பு முன்பு பள்ளிக்கூட விடுமுறையாக இருந்தது. நவாலியூர் சோமசுந்தரப் புலவர் அந்த விடுமுறையைக் கொண்டாடிச் சிறுவர் பாட்டொன்று எழுதினார். ஈழத்தில் அதைக் கேளாமல் வளர்ந்த பிள்ளை குறைவு. பாட்டு பிள்ளைகளின் வாயால் சொல்லப்படுவது, விடுமுறை அவர்களுடையது. கூழும் கொழுக்கட்டையும் யாரோ செய்ய வந்து சேரும் சந்தோஷம் அது. இப்போது ஆடிப்பிறப்பன்று பள்ளிக்கூடம் உண்டு. கொழுக்கட்டை இரவில் அவிகிறது.

இவற்றுக்கெல்லாம் மேலே ரியூசன். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில், சாதாரண தரம், உயர்தரம் என்ற மூன்று பரீட்சைகள் யாழ்ப்பாணத்துப் பிள்ளையின் விடுமுறைகளைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்டுவிட்டன. தவணை முடிந்த மறுநாளே விசேட வகுப்பு, கருத்தரங்கு, மாதிரி வினாத்தாள். தீவில் வீடுள்ள தாய்க்கு இது இன்னும் வில்லங்கம். நல்ல ரியூசன் என்று பெயரெடுத்தவை நகரத்தில். ஆகவே விடுமுறையில் ஓய்வெடுக்க வேண்டிய தாய் மகளைக் கூட்டிக்கொண்டு மறுபடி படகேறுவாள். ஆசிரியையாக இருந்தால் அவளுக்கே விடைத்தாள் திருத்தும் பணி வந்துவிடும். பிள்ளைகளின் குழந்தைப் பருவத்தைத் தின்னும் இந்த ஏற்பாட்டை எல்லாரும் ஏசுகிறார்கள், எல்லாரும் கட்டணம் கட்டுகிறார்கள்.

இவ்வளவுக்கும் நடுவில் வேகம் குறைகிறதா என்று கேட்டால், குறைகிறது. வேலை குறைவதாலில்லை. அதே பிட்டுத்தான், அதே தேங்காய்தான்; ஆனால் பத்து மணிக்கு அவிகிறது. ஒரு வேலையைப் பாதியில் வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டு மதிலடியில் நின்று கதைக்கலாம். மகன் கேட்கிற கேள்விக்கு ‘பொறு, பிறகு’ என்று சொல்லாமல் நின்று பதில் சொல்லலாம். குளிப்பதற்குக் கிணற்றடியில் வாளி வாளியாக அள்ளி, பிள்ளைகளுக்கும் தலைக்கு ஊற்றி, எண்ணெய் முழுக்கு ஒரு காலை முழுக்க நீளலாம். தவணைக் காலத்தில் பிள்ளைக்கும் தாய்க்கும் இடையில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் ஏவல்: எழும்பு, பல்லை விளக்கு, சப்பாத்து எங்கே, கொப்பியை எடு. விடுமுறையின் இரண்டாம் வாரமளவில்தான் அந்த வினைச்சொற்கள் உதிர்ந்து கதை வருகிறது. முதல் வாரம் பிள்ளைகள் அம்மா வீட்டில் நிற்பதற்குப் பழக்கப்படாமல் அம்மம்மாவிடமே எல்லாம் கேட்பதும், தாய் அதைப் பார்த்து முகம் வாடுவதும் தீவகத்தில் வேலை செய்கிற குடும்பங்களில் சாதாரணம்.

கடலும் இடைக்கிடை ஒரு விடுமுறை கொடுக்கும். வைகாசியிலிருந்து புரட்டாதிவரை சோழகம் பலமாக வீசும் நாட்களில் குறிகட்டுவானுக்கும் நெடுந்தீவுக்கும் இடையில் படகு ஓடாது. மார்கழிப் புயற்காலத்திலும் அப்படியே. ‘இண்டைக்குப் படகு இல்லையாம்’ என்ற செய்தி எந்தப் பக்கம் நிற்கிறவளுக்குப் போகிறது என்பதைப் பொறுத்து அது வரமாகவோ சாபமாகவோ ஆகும். யாழ்ப்பாணத்தில் வீட்டில் நிற்பவளுக்கு எதிர்பாராத ஒரு நாள். போர்த்துக்கொண்டு பிள்ளையோடு இன்னொருமுறை படுக்கலாம். நெடுந்தீவு விடுதியில் வெள்ளிக்கிழமை பையைக் கட்டி வைத்திருப்பவளுக்கு அது ஒரு வாரத்தையே பறிக்கும். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையின் சூட்டைத் தொலைபேசியில் கேட்டறிந்துகொண்டு, பவளக்கல் மதில்களுக்கிடையே காற்று ஊளையிடுவதைக் கேட்டபடி அவள் சனி ஞாயிறைக் கழிப்பாள். அங்கே கையில் நேரம் நிறைய இருக்கும். அந்த நேரத்தால் ஒரு பிரயோசனமும் இல்லை. சும்மா இருத்தல் தானாகவே சுகம் என்று எழுதுகிறவர்கள் இந்த விடுதிகளில் ஒரு சோழக வார இறுதி தங்கிப் பார்க்கலாம்.

தாய் உண்மையாகவே கை கட்டி இருக்கிற நாள் ஒன்று தீவகத்தில் உண்டென்றால், அது நயினாதீவு போகிற நாள். நாகபூசணி அம்மன் கோயில் வருடாந்தத் திருவிழா ஆனியில் வரும். தவணை விடுதலைகளிலும் குடும்பம் குடும்பமாகப் போவார்கள். அங்கே அமுதசுரபி அன்னதான மண்டபத்தில் வருகிறவர்களுக்கெல்லாம் சோறு. மண்டபத்தின் பெயர் மணிமேகலைக் காப்பியத்திலிருந்து வந்தது. மணிமேகலை அள்ள அள்ளக் குறையாத பாத்திரத்தைப் பெற்ற மணிபல்லவம் நயினாதீவே என்பது பலருடைய துணிபு. வரலாற்றாசிரியர்கள் அதில் எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை பிடிக்கட்டும். பந்தியில் இலைக்கு முன் அமர்ந்து, இன்னொருவர் சமைத்து இன்னொருவர் பரிமாறும் சோற்றை எழும்பாமல் சாப்பிடும் ஒரு பெண்ணுக்கு அந்தப் பாத்திரத்தின் அர்த்தம் வேறு. வீட்டில் அவள் கடைசியாகச் சாப்பிடுகிறவள், நின்றபடி, சட்டியின் அடியில் இருப்பதை. இங்கே அவளுக்கு முதலில் சோறு விழுகிறது. ‘இன்னும் போடவா அம்மா’ என்று ஒரு பெடியன் குனிந்து கேட்கிறான். சாப்பிட்டு முடித்தால் இலையை மடித்து எழும்ப வேண்டியதுதான், கழுவப் பாத்திரம் இல்லை. பின்னேரப் படகுக்கு இரண்டு மணித்தியாலம் மிச்சம். வேம்பின் கீழ் சேலைத் தலைப்பை விரித்துச் சின்னவனைக் கிடத்திவிட்டுத் தானும் சாய்கிறாள். கோயிலுக்குப் போவது பக்திக்கு மட்டும் என்று ஆண்கள் நினைத்துக்கொண்டிருப்பது பெண்களுக்கு வசதியாகப் போய்விட்டது.

அதே நயினாதீவில் அதே நாளில் வேறு பெண்கள் மும்முரமாக இருப்பார்கள். நாகதீப விகாரைக்கும் அம்மன் கோயிலுக்குமாக ஏப்ரல், ஓகஸ்ட், டிசெம்பர் விடுதலைகளில் தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக யாத்திரிகர் வருகிறார்கள். இறங்குதுறைப் பக்கத்தில் பனங்கட்டி, புழுக்கொடியல், பனையோலைப் பெட்டி, கருவாடு, தேத்தண்ணி விற்கிறவர்களுக்கு வருடத்தின் வருமானம் அந்த வாரங்களில்தான். அவர்களின் பிள்ளைகளுக்கும் விடுதலை. ஆகவே கடையில் மாற்றுக் காசு எண்ணிக் கொடுக்கப் பத்து வயது மகள் நிற்பாள். இந்தப் பெண்களின் வேகம் குறைவது தவணை தொடங்கிய பிறகு, படகுகள் வெறுமையாக வரும்போது. வருமானமும் அப்போதே குறைகிறது. நாட்கூலிக்கு வலை தைக்கிறவருக்கும் கருவாடு காயவைக்கிறவருக்கும் ஓய்வு என்றால் அன்றைய கூலி இல்லை என்றே அர்த்தம். கத்தோலிக்கக் கரைகளில் ஞாயிறன்று கடலுக்குப் போவதில்லை என்ற கட்டுப்பாடு மட்டும் கடற்றொழிலாளர் வீட்டுப் பெண்ணுக்கு ஒரு நிச்சயமான நாளைத் தருகிறது. அன்று மீன் வந்து இறங்காது. உப்பிட, தரம் பிரிக்க, விற்க ஒன்றுமிராது. சட்டம் தராத வார ஓய்வைப் பங்குச் சாமியாரின் ஒழுங்கு தந்திருக்கிறது.

ஓய்வுக்கு இன்னொரு ஆள் வேண்டும் என்பதுதான் இவை எல்லாவற்றிலும் அடியில் ஓடுவது. தாய் இருக்க வேண்டுமென்றால் வேறு யாராவது எழும்ப வேண்டும். தீவகத்தில் அந்த ஆட்கள் குறைந்துபோனார்கள். 1990, 1991 போர்க் காலத்தில் வேலணை, புங்குடுதீவு, ஊர்காவற்றுறைப் பக்கத்து மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தார்கள். பலர் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் கனடா, பிரான்ஸ், சுவிஸ், இங்கிலாந்திலும் தங்கிவிட்டார்கள். கூரை விழுந்து ஆலம் முளைத்த வீடுகள் இன்னும் ஒழுங்கைகளில் நிற்கின்றன. முன்பு ஒரு வளவுக்குள் சின்னம்மா, பெரியம்மா, மாமி, அக்கா என்று நாலு அடுப்பு எரிந்தது. ஒருத்தி களைத்தால் பிள்ளைகள் அடுத்த அடுப்படியில் சாப்பிடும். இப்போது ஒரு வளவுக்கு ஓர் அடுப்பு. பகல்நேரப் பராமரிப்பு நிலையங்கள் தீவுகளில் அருமை. புருஷன்மாரில் இளையவர்கள் கொஞ்சம் மாறியிருக்கிறார்கள். பிள்ளையைக் குளிப்பாட்டுவார்கள், தேங்காய் துருவுவார்கள், துருவியதை ஊருக்கும் சொல்வார்கள்.

ஓகஸ்டில் வெளிநாட்டார் வருகிறார்கள். ரொறன்ரோவில் தாதியாக, பாரிஸில் துப்புரவுப் பணியாளராக, லண்டனில் கடை நடத்துபவளாக இருக்கும் பெண் மூன்று கிழமை லீவு எடுத்துப் பிள்ளைகளோடு புங்குடுதீவுக்கு வந்து இறங்குவாள். அங்கே இரண்டு வேலை, இரவு மாற்று, குளிரில் பஸ். இங்கே அவளுக்கு ஓய்வு. ஊரிலிருக்கும் தங்கை, அவளும் வேலைக்குப் போகிறவள், தன் தவணை விடுதலையை அக்காவின் குடும்பத்துக்குச் சமைப்பதில் செலவிடுவாள். நண்டு வேணும், கூழ் வேணும், பிள்ளைகளுக்கு உறைப்பு வேண்டாம். அன்பில்லாமலில்லை, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வரும் சகோதரி. போகும்போது அவள் விட்டுச் செல்லும் பணத்தில் வீட்டுக்கு நீர்ப்பம்பியோ சலவை இயந்திரமோ வரும், அது அடுத்த வருடம் முழுக்கத் தங்கையின் நேரத்தில் கொஞ்சத்தைத் திருப்பிக் கொடுக்கும்.

அறுபது வயதில் ஓய்வூதியம். தீவகப் பாடசாலையில் தொடங்கி நகரத்தில் முடித்த ஆசிரியைக்கு அதன் பிறகு படகு இல்லை, மணி இல்லை. சில மாதம் காலையில் தன்பாட்டில் நாலு மணிக்கு விழிப்பு வரும் என்று சொல்வார்கள். பிறகு மகளிடமிருந்து அழைப்பு வரும். அவளுக்குப் பிரசவம், அல்லது பிரசவ விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்ப வேண்டும், பிள்ளையைப் பார்க்க ஆளில்லை. மகள் யாழ்ப்பாணத்திலென்றால் பஸ்ஸில் போய் வரலாம். கனடாவிலென்றால் சூப்பர் விசா. 2011 டிசெம்பரில் கனடா பெற்றோருக்கும் பாட்டன் பாட்டிமாருக்குமாகக் கொண்டுவந்த அந்த விசாவில் முதலில் ஒரே தடவையில் இரண்டு வருடம் தங்கலாம் என்றிருந்தது. 2022இலிருந்து ஐந்து வருடம். மருத்துவக் காப்புறுதியை முன்கூட்டியே எடுத்திருக்க வேண்டும், மகளின் வருமானம் வரையறைக்கு மேல் இருக்க வேண்டும். பெட்டியில் வறுத்த மிளகாய்த்தூள், ஒடியல் மா, பனாட்டு, ஒரு நீத்துப்பெட்டி. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் நிறை பார்க்கும்போது முதலில் வெளியே எடுக்கப்படுவது அவளுடைய சேலைகள்.